அந்த ஆறு மாதம்

சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் முடித்து, படிவம் 108-இல் நம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும் மாணவரிடம் அடுத்து என்ன திட்டம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஆறு மாசம் இருக்கு சார், உட்கார்ந்து படிச்சிடுவேன்." 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கல்வித் திட்டம் தந்த ஆறு மாதம் அது. பயிற்சிக்காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழிந்த பிறகே இறுதித் தேர்வு என்று ஆனது. பகலில் ஸ்டாக் எண்ணிவிட்டு இரவில் கன்சாலிடேஷன் படித்துத் தேர்வெழுதிய நமக்கு இது பெரிய சலுகையாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு பெரியதில்லை.

மொத்தம் 180 நாள். இன்றைய மாணவர் பெரும்பாலும் பதிவு செய்த வகுப்புகளைப் பார்த்துத்தான் படிக்கிறார். ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து பாடங்களுக்கு 600 மணி. நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 100 நாள். பண்டிகை, காய்ச்சல், வீட்டுக் கல்யாணம் எல்லாம் சேர்த்தால் 115-ஐத் தொடும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. நாள் மிச்சமாகும், புரிந்தது எவ்வளவு என்பது விடைத்தாளில் தெரியும். மீதி 65 நாளில் மூன்று ரிவிஷன், மாக் டெஸ்ட், ஆர்டிபி, பழைய வினாத்தாள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அடங்காது. இந்த 180 நாளும் திருப்பிப் படிப்பதற்கு மட்டுமே போதும். முதல் வாசிப்பு பயிற்சிக்காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அந்தக் காலம் நம் அலுவலகத்தில் கழிகிறது என்பதால்தான் மாணவருக்குச் சொல்ல வேண்டியதை உறுப்பினர்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

நம் அலுவலகத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை. ஜூலை முழுக்க ரிட்டர்ன். ஆகஸ்டும் செப்டம்பரும் டாக்ஸ் ஆடிட், கூடவே நிறுவனங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம். அக்டோபர் அதன் வால். டிசம்பரில் ஜிஎஸ்டிஆர்-9. இவற்றுக்கு நடுவே மாதாமாதம் 7, 11, 20. படிக்க இடம் கிடைக்கும் மாதங்கள் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை. அதிலும் டிசம்பர் கடைசி போய்விடும். இரண்டு ஆண்டுப் பயிற்சியில் இப்படிப்பட்ட பருவம் இரண்டே முறை வருகிறது. முதல் பருவத்தில் மாணவர் வேலை பழகிக்கொண்டிருப்பார், இன்டர் முடித்த களைப்பும் இருக்கும். இரண்டாவதையாவது அவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பது என்றால் விடுப்பு கொடுப்பதல்ல. புதிய திட்டத்தில் விடுப்பே ஆண்டுக்கு 12 நாள்தான். மிஞ்சினால் பயிற்சி நீளும். விதிப்படி வாரத்துக்கு 35 மணி நேர வேலையை அந்த நான்கு மாதமாவது 35 மணியிலேயே நிறுத்துவது, மாலை ஆறு மணிக்குப் பிறகு க்ளையன்ட் இடத்துக்கு அனுப்பாமல் இருப்பது, அவ்வளவுதான் கேட்பது.

கெடு நீட்டிப்பைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2025-இல் தனிநபர் ரிட்டர்ன் கெடு ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குப் போய், பிறகு ஒரு நாள் கூடி 16 ஆனது. டாக்ஸ் ஆடிட் அறிக்கையின் கெடுவும் செப்டம்பரைத் தாண்டி நீண்டது. நீட்டிப்பு கேட்டு மனு போடுவது நாம், மகிழ்வதும் நாம். அக்டோபரில் படிக்கத் தொடங்கலாம் என்று எழுதி வைத்த பையனின் அட்டவணையை யாரும் நீட்டிப்பதில்லை. கெடு தள்ளினாலும் அலுவலகத்துக்குள் பழைய தேதியையே இலக்காக வைத்துக்கொண்டு வேலை வாங்கும் சீனியர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் சேர்ந்த மாணவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அட்டவணை என்றதும் எல்லா மாணவரும் ஒரே படிவத்தை யூடியூபிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்: ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்குக்கு இத்தனை நாள், ஆடிட்டுக்கு இத்தனை நாள். ஆனால் கும்பகோணத்தில் இரண்டு பார்ட்னர் நடத்தும் ஒரு அலுவலகத்தில் இரண்டு ஆண்டு இருந்தவரும், சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் இருந்தவரும் ஒரே மாதிரி நாளைப் பிரிப்பது சரியல்ல. முன்னவர் ஜிஎஸ்டிஆர்-2பி 14-ஆம் தேதி வந்ததும் கொள்முதல் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துப் பழகியவர். பிரிவு 16-இன் நிபந்தனைகளும் 17(5)-இல் எது எதற்கு வரவு கிடையாது என்பதும் அவருக்கு மனப்பாடம் செய்யாமலே வரும். ஆனால் இந்த் ஏஎஸ்ஸை அவர் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும் 250 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கும் உரியது அது. கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்கு எங்கே வரும்? இந்த் ஏஎஸ் 116-இன் குத்தகையும் 109-இன் நிதிக் கருவிகளும் அவருக்கு வெறும் காகிதம். சென்னைக்காரரோ ஒரே சிமென்ட் கம்பெனியின் நிலைச் சொத்துகளில் எட்டு மாதம் கிடந்திருப்பார். ஜிஎஸ்டி நோட்டீஸுக்குப் பதில் எழுதியிருக்க மாட்டார். எனவே நாட்களைப் பங்கிடும்போது அலுவலகத்தில் பார்த்ததற்குக் குறைவாகவும் பார்க்காததற்குக் கூடுதலாகவும் வைக்க வேண்டும். மாணவர்கள் செய்வது நேர்மாறு. தெரிந்த பாடம் சுகமாக இருப்பதால் அதிலேயே நாளைக் கழிக்கிறார்கள். எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பது அவரைவிட அவருடைய பிரின்சிபலுக்குத்தான் நன்றாகத் தெரியும். அரை மணி நேரம் உட்காரவைத்து இதைப் பேசினால் எந்தப் பயிற்சி மையமும் தர முடியாத அட்டவணை கிடைத்துவிடும்.

இன்னும் ஒருபடி போகலாம். பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பும் வாரத்தில் எஸ்ஏ 505-ஐயும், வௌச்சர்களில் மாதிரி எடுக்கும் வாரத்தில் எஸ்ஏ 530-ஐயும் படித்துவிட்டு வரச் சொல்லலாம். காரோ 2020-இன் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் வரைவு எழுதவைத்தால் ஆடிட் தாளின் ஒரு பகுதி அங்கேயே முடிந்தது. இதற்கு அலுவலக நேரம் ஒன்றும் வீணாகாது; வேலைத்தாள்தான் ஒழுங்காகும்.

ஆறு மாதத்துக்குள் வந்த பிறகு அட்டவணையைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுவதே நல்லது. தேர்வுகள் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாலை ஐந்து மணிக்கு ஒரு தாள் முடிந்தால், அடுத்தது மறுநாள் கழித்து மதியம் இரண்டு மணிக்கு. அந்த ஒன்றரை நாளுக்குள் முழுப் பாடத்தையும் ஒரு முறை புரட்ட முடிய வேண்டும். முடியாத அளவுக்குக் குறிப்பு இருந்தால் அது குறிப்பே அல்ல, இன்னொரு புத்தகம். கடைசி மாதத்தின் வேலை இந்தச் சுருக்கத்தைப் பழகுவது. அதற்கு முந்தைய மாதம் மாக் டெஸ்ட். அதற்கும் முன்னால் கணக்குகளைக் கையால் எழுதிப் பார்ப்பது. முதல் ஐந்து தாள்கள் ஒவ்வொன்றிலும் 30 மதிப்பெண் கேஸ் அடிப்படையிலான கொள்குறி வினாக்களுக்கு என்பதால் எழுதிப் பார்ப்பதை விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. மீதி 70 எழுத வேண்டியவைதான்.

ஆறாவது தாளான இன்டக்ரேட்டட் பிசினஸ் சொல்யூஷன்ஸ் புத்தகம் பார்த்து எழுதும் நான்கு மணி நேரத் தேர்வு. அதற்கு நாள் ஒதுக்காத அட்டவணைகளே அதிகம். கம்பெனிச் சட்டத்தையும் காஸ்டிங்கையும் செட் ஏ, செட் பி என்று ஆன்லைனில் பாதி கவனத்தோடு முடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த இரண்டும் இந்தத் தாளில் திரும்பி வந்து நிற்கின்றன. புத்தகத்தில் தேடி எடுக்கவும் பழக்கம் வேண்டும். தெரியாததைத் தேட நான்கு மணி நேரம் போதாது.

இரண்டு க்ரூப்பையும் ஒன்றாக எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று நம்மிடம் கேட்பார்கள். தாளுக்கு 40, மொத்தத்தில் 50 விழுக்காடு என்ற விதியில், ஒன்றாக எழுதினால் ஒரு க்ரூப்பில் மிஞ்சும் மதிப்பெண் மற்றதன் குறையை நிரப்பும். முதல் வாசிப்பு முடித்தவருக்கு ஒன்றாக எழுதுவதுதான் லாபம். முடிக்காதவரைத் தள்ளிவிட வேண்டாம்.

நேரடி வரியில் இப்போது ஒரு புதுச் சிக்கல். வருமான வரிச் சட்டம், 2025 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அலுவலகத்தில் 2025-26 நிதியாண்டின் ரிட்டர்ன் 1961 சட்டப்படி போகிறது. இந்த ஆண்டின் டிடிஎஸ் புதிய சட்டப்படி பிடிக்கப்படுகிறது. நாம் பழக்கத்தில் 44ஏபி என்கிறோம், புதிய சட்டத்தில் அது 63. 80சி என்பது 123. டிடிஎஸ் பிரிவுகள் சம்பளத்துக்கு 392-லும் மற்றவற்றுக்கு 393-லும் ஒடுங்கிவிட்டன. தன்னுடைய அட்டெம்ப்டுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தம் என்பதை ஐசிஏஐ அறிவிப்பைப் பார்த்து, அட்டவணையின் தலைப்பிலேயே எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் மாணவர் நேரடி வரிப் புத்தகமே வாங்க வேண்டும். சீனியர் அக்கா கொடுத்த பழைய நோட்ஸ் இந்த ஒரு பாடத்துக்கு உதவாது.

தேர்வு எந்த மாதம் என்பதே சேரும் தேதியில் தீர்மானமாகிவிடுகிறது. அக்டோபர் இறுதிக்குள் பயிற்சி முடித்தவர் மே மாதம் எழுதலாம். டிசம்பரில் முடித்தவருக்கு அந்த மே கிடையாது. படிவம் 103-ஐ நிரப்பும்போதே இதை எண்ணிப் பார்க்கும் அலுவலகங்கள் குறைவு. அப்புறம், செப்டம்பர் நடுவில் பயிற்சி முடிகிறவரிடம் "டாக்ஸ் ஆடிட் முடியும் வரைக்கும் வந்து போப்பா" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மே தேர்வுக்கு அவர் வைத்திருக்கும் நாட்களில் முதல் மாதம் அதோடு போகிறது. கெடு நீண்டால் இரண்டாவதும். மறுக்கும் துணிவு 22 வயதுப் பிள்ளைக்கு இருக்காது. அந்த நெருக்கடி நாட்களுக்கு ஒரு பெய்ட் அசிஸ்டென்டை ஜூலையிலேயே தேடி வைத்துவிடுவது அலுவலகத்தின் வேலை.