ரெக்கார்டு நோட்டும் ஒரு ரைஃபிளும்

டெக்சாஸ்ல செட்டில் ஆன என் பெரியப்பா பையன், போன மாசம் முதல் தடவையா .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளை ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போனார். தோட்டாவும் கடையில வாங்கினது இல்ல, வீட்டு ஷெட்ல அவரே செஞ்சது. சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டைச் சுத்தம் பண்ணி, பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புது பிரைமர் வெச்சு, மருந்தை நிறுத்துப் போட்டு, மேல குண்டை உட்கார வைக்கணும். தராசு கிரெயின் கணக்குல காட்டும். ஒரு கிரெயின்னா சுமார் 65 மில்லிகிராம். அதுல பத்துல ஒரு பங்கு வரைக்கும் பார்ப்பாங்க.

என்.சி.சி. கேம்ப்ல நான் சுட்டது .22 மட்டும்தான். தோள்ல யாரோ விரலால தொட்ட மாதிரி இருந்துச்சு. "உங்களுது எவ்வளவு உதைக்கும் அண்ணா?"ன்னு கேட்டேன். "நீதானே இன்ஜினியர், கணக்குப் போடு"ன்னுட்டார்.

போட்டேன். குண்டு சுமார் 12 கிராம், வேகம் நொடிக்கு 880 மீட்டர். பின்னாடியே சீறிக்கிட்டு வர்ற வாயுவையும் சேர்த்தா, 5 கிலோ ரைஃபிள் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல பின்னால வரும். ஆற்றல் கிட்டத்தட்ட 29 ஜூல். என் .22-ஐ விட சுமார் 200 மடங்கு!

முதல் சில ரவுண்டு நல்லாப் போச்சாம். அப்புறம் குண்டுகள் சிதற ஆரம்பிச்சுது. மருந்து அளவுலதான் தப்புன்னு அண்ணன் நினைச்சார். கூட வந்த நண்பர், அவருக்குத் தெரியாம ஒரு வெற்றுத் தோட்டாவைக் கலந்து போட்டுக் கொடுத்தார். டிரிக்கரை இழுத்தா 'டிக்'னு ஒரு சத்தம். உதையே இல்ல. ஆனா துப்பாக்கி முனை மட்டும் கீழே குனிஞ்சுது. தோட்டா மேல தப்பில்ல. வரப்போற அடிக்கு உடம்பு முன்கூட்டியே பயந்திருக்கு.

அன்னைக்கு எழுதின நோட்டுப் பக்கத்தை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு ரவுண்டுக்கும் மருந்து எடை, நீளம், வேகம். வேகத்துல அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவுல 40 அடி வித்தியாசம். 1000 கஜம் தள்ளி அது சுமார் ஒரு சாண் ஏற்ற இறக்கம் ஆயிடும். கீழே ஒரு வரி: "6, 9 – என் தப்பு. கண்ணை மூடிட்டேன்."

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு நம்ம ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வந்துச்சு. நாலு வருஷத்துல அப்படி ஒரு வரி நான் எழுதினதே இல்லை. செகண்ட் இயர்ல எங்க பேட்ச் எடுத்த யங்ஸ் மாடுலஸ் ரீடிங் கோணலா வந்தப்போ, சீனியர் ரெக்கார்டைத் திறந்தோம். புத்தகத்துல இருக்கிற மதிப்பை முதல்ல எழுதி, ரீடிங்கைப் பின்னால இருந்து வரவெச்சோம். முழு மார்க்.

ஒரு மெஷின், அறுபது பேர், ரெண்டு மணி நேரம். ஆசிரியர்களோட கஷ்டம் புரியுது. ஆனா புத்தக மதிப்புக்குப் பக்கத்துல வந்தாதான் மார்க்னா, எல்லாரும் பக்கத்துல வரவெச்சிடுவோம். ஹேண்ட்லோடர் மருந்து அளவைப் பொய்யா எழுதி அதை நம்பி அடுத்த தோட்டா செஞ்சா, அது அவர் முகத்துக்கு முன்னாலயே வெடிக்கலாம். நம்ம பொய் யாரோ ஒருத்தர் நடந்து போற பாலத்துல, பல வருஷம் கழிச்சு வெடிக்கும்.

என் யோசனை சின்னதுதான். எடுத்த ரீடிங்கை அன்னைக்கே அப்சர்வேஷன்ல எழுதிக் கையெழுத்து வாங்கணும். அப்புறம் மாத்தக் கூடாது. 'ஏன் தப்பாச்சு'ன்னு ஒரு பக்கம் எழுதினா அதுக்குத் தனி மார்க்.

இதைச் சொல்ற நானும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அடுத்த வாரம் புராஜெக்ட் ரிவ்யூ. எங்க லோடு செல் 18 சதவீதம் தப்பாக் காட்டுது. "மூணு சதவீதம்னு போட்டுக்கலாம்டா, யார் பார்க்கப் போறாங்க?"ன்னான் டீம் மேட். நேத்து ராத்திரி ரொம்ப நேரம் சண்டை. கடைசியில ஸ்லைடுல 18-னே போட்டிருக்கோம். கீழே ஒரு வரியும் சேர்த்தாச்சு: காலிபிரேஷன் எங்க தப்பு.