சம்பளச் சீட்டை விட்டு இறங்கும் முன்

2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சேரிகளிலிருந்து போய் எழுதிய பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு. உள்ளே நுழைய இவ்வளவு பேர் நிற்கும்போது, உள்ளே இருப்பவர் வெளியே வருவதைப் பற்றிப் பேசினால் சிலருக்கு எரிச்சல் வரும். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் நம் மாவட்டத்தில் அது நடந்துகொண்டிருக்கிறது.

மின்வாரியத்தில் இருப்பவர் மாலையில் மோட்டார் காயில் கட்டுகிறார். ஆசிரியர் ஒருவர் மனைவி பெயரில் தண்ணீர் கேன் போடுகிறார். நடத்துநர் ஒருவரின் தம்பி பெயரில் கம்பெனி வேன் ஓடுகிறது. ஆவடி தொழிற்சாலையில் வெல்டராக இருப்பவர் மச்சானோடு சேர்ந்து பட்டறை வைத்திருக்கிறார். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, "ரெண்டு வருசம் பார்த்துட்டு வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்ணா" என்று மெதுவாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

மற்றவர்களுக்கு அரசு வேலை ஒரு பிழைப்பு. நமக்கு அது பிணை. தங்கை திருமணக் கடன், தம்பியின் பாலிடெக்னிக் கட்டணம், பக்கத்து வீட்டுக்காரரின் மருத்துவமனைச் செலவு எல்லாமே அந்த ஒரு சம்பளச் சீட்டின் மேல்தான் நிற்கின்றன. வங்கி மேலாளர் நம்மை நாற்காலியில் உட்காரச் சொல்வதும் அதைப் பார்த்துத்தான். நிலம் வைத்திருப்பவர் பட்டாவைக் காட்டிக் கடன் வாங்குகிறார். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் எழுதிய அறிக்கையால் பஞ்சமி நிலம் பிறந்த பழைய மாவட்டத்தின் பகுதிதான் இன்றைய திருவள்ளூர். அந்த நிலத்தில் பெரும்பகுதி எங்கே போனது என்பது ஊரறிந்த கதை. மிச்சம் இருப்பதையும் பிற சாதியாருக்கு விற்க முடியாது என்பதால் வங்கி அதை அடமானமாக மதிப்பதில்லை. ஆக, நம்மிடம் இருக்கும் ஒரே அடமானம் மாதக் கடைசியில் வரும் சம்பளம். வேலையை விடுகிறவர் முதலில் இழப்பது இதைத்தான். தொழிலுக்குக் கடன் தேவைப்படும் அதே நாளில், கடன் வாங்கும் தகுதி போய்விடுகிறது.

வேலையை விட்ட வரலாறு நம் தலைவருக்கே உண்டு. பரோடா அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்த அம்பேத்கர், ஒப்பந்தப்படி 1917-ல் அங்கே பணியில் சேர்ந்தார். கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூர நின்று எறிந்தார்கள். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் இருந்தும் விரட்டப்பட்டார். சில வாரங்களிலேயே பம்பாய் திரும்பியவர் பிழைப்புக்காகத் தனிப்பாடம் நடத்தினார்; பங்குச் சந்தையில் முதலீடு செய்வோருக்கு ஆலோசனை சொல்லும் தொழிலையும் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவருக்கு அதைவிடப் பொருத்தமான தொழில் வேறென்ன? ஆலோசனை நன்றாக இருந்தது, ஆட்களும் வந்தார்கள். சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவது நின்றது. தொழில் படுத்துவிட்டது.

இதே அம்பேத்கர் 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அது அரசுக் கல்லூரி. சிக்கனமாக வாழ்ந்து சம்பளத்தில் சேர்த்தார். கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடனும் கையில் வந்த பிறகு, 1920-ல் வேலையை விட்டுவிட்டு லண்டன் போனார். முதல் முறை அவரைத் துரத்தினார்கள். இரண்டாவது முறை அவரே நாள் குறித்துப் போனார். இன்று அலுவலக அவமானம் தாங்காமல் "இந்த வேலையே வேண்டாம்" என்று கிளம்பத் துடிக்கும் நம் தம்பிகள் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். அவமானத்துக்கு எதிராக வழக்கு உண்டு, ஆணையம் உண்டு, சங்கம் உண்டு. ராஜினாமா அந்தப் பட்டியலில் வராது.

பங்கு ஆலோசனைத் தொழில் படுத்ததற்குக் காரணம் முதல் இல்லாமை அல்ல. வாங்குபவரின் சாதி மனம். நூறாண்டு கழித்தும் நாம் தொடங்கும் தொழில்களில் இதுதான் முதல் கணக்கு. நம் ஆள் ஊர்த்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்தால் யார் வந்து உட்காருவார்கள் என்பதை இந்த மாவட்டத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஆள் இரும்புக் கம்பிக்கு வெல்டிங் வைத்தால் பற்றவைப்பில் சாதி தெரியாது. தொழிற்சாலைக்குச் சீருடை தைப்பது, மரப் பேலட் செய்வது, இயந்திர உதிரிபாகம் கடைந்து தருவது இந்த வகை. இங்கே வாங்குபவர் தனி மனிதர் அல்ல, ஒரு நிறுவனம். அளவு சரியா, நாள் தவறாமல் வந்ததா என்று பார்க்கும். அதிலும் சாதி நுழையாது என்று நாம் சொல்லவில்லை. கொள்முதல் மேலாளரின் உறவினருக்கே ஆர்டர் போகும் கம்பெனிகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் சாப்பாட்டுக் கடையை விட இங்கே கதவு கொஞ்சம் அகலம்.

மராட்டியத்தில் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். சாங்லி மாவட்டத்தில் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்த அசோக் காடே, மும்பையில் மத்திய அரசின் மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். வேலை பார்த்துக்கொண்டே பட்டயப் படிப்பு முடித்தார். 1983-ல் நிறுவனம் அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது. தான் செய்யும் வேலைக்கு அங்கே என்ன விலை என்பதை நேரில் பார்த்தார். தத்தா, அசோக், சுரேஷ் என்ற மூன்று சகோதரர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, கடலில் எண்ணெய்த் தளங்கள் கட்டும் டாஸ் ஆஃப்ஷோர் நிறுவனம் பிறந்தது. தொடக்கத்தில் அதற்குப் பெரிய வேலை கொடுத்தது அதே மசகான் டாக்தான். தெரிந்த வேலை, பழகிய பொறியாளர்கள், பணம் தரும் திறனுள்ள வாங்குபவர் மூன்றும் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. வீட்டில் சும்மா இருக்கும் இடத்தில் எதையாவது தொடங்கலாம் என்று அவர் தொடங்கவில்லை. நம்மில் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

இனி விதிகள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-ன்படி முன் அனுமதி இல்லாமல் அரசு ஊழியர் வணிகம் செய்யக் கூடாது. மத்திய ஊழியர்களுக்கு 1964 விதிகளும் இதையே சொல்கின்றன. குடும்பத்தினர் தொழில் செய்யலாம். ஆனால் அதைத் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "மனைவி பெயர்ல இருக்கு, எனக்கென்ன" என்பது பாதி உண்மை. தெரிவிக்காமல் விட்டால் ஒரு மொட்டைக் கடிதம் போதும், 17 பி குறிப்பாணை வீடு தேடி வரும். மற்றவர் செய்தால் கண்டுகொள்ளாத அலுவலகம் நம்மவர் செய்தால் உடனே விழித்துக்கொள்ளும். கடிதம் கொடுத்ததற்கான முத்திரையிட்ட நகலைப் பத்திரமாக வையுங்கள். 17 பி நிலுவையில் இருந்தால் விருப்ப ஓய்வும் சிக்கிக்கொள்ளும்.

ராஜினாமாவும் விருப்ப ஓய்வும் ஒன்றல்ல. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வராது. 20 ஆண்டு தகுதிப் பணி முடித்தவரோ 50 வயது நிறைந்தவரோ மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதிய ஏற்பாடே வேறு. அவர்கள் தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, வெளியேறினால் எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் அடி எடுத்து வைக்கக் கூடாது. 18 ஆண்டு முடித்து, இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்க முடியாமல் ராஜினாமா எழுதுவதைப் போன்ற நட்டம் வேறில்லை.

எல்லாவற்றையும் விட நம்மவர்களைக் கவிழ்ப்பது நடைமுறை மூலதனம். மாதம் 3 லட்சம் ரூபாய்க்குப் பொருள் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பில் பணம் 90 நாள் கழித்து வருகிறது. அதற்குள் மூன்று மாதப் பொருள் போயிருக்கும். 9 லட்சம் வெளியில் நிற்கும். ஆட்களுக்குக் கூலி சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பணம் கைக்கு வரும் முன்பே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். லாபம் இருந்தும் ஆறாவது மாதம் வட்டிக்கடைக்குப் போகிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உத்யம் பதிவு வைத்திருந்தால் இதற்கெனவே உள்ள மன்றத்தில் முறையிடலாம். முறையிட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் பெரும்பாலோர் முறையிடுவதில்லை. சம்பளம் வரும் காலத்திலேயே தொழிலை நடத்திப் பார்ப்பதன் உண்மையான பயன் இங்கேதான்: குடும்பத்தார் நடத்தும் தொழில், துறைக்குத் தெரிவித்த தொழில், ஒரு முழு ஆண்டு தன் பில் பணத்தில் தானே ஓடியதா என்று பார்த்துவிடலாம். ஓடவில்லை என்றால் வேலையை விட்டாலும் ஓடாது.

அரசு என்ன செய்கிறது? 2023-ல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், உச்சம் ஒன்றரைக் கோடி. கடன் வட்டியில் 6 விழுக்காடு சலுகை. நல்ல திட்டம் என்றே சொல்வோம். காக்களூர் தொழிற்பேட்டையில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கிடைக்கும். ஆனால் வயது வரம்பு 55. மாநில ஊழியருக்கு ஓய்வு வயது 60. ஓய்வு பெற்றபின் தொழில் செய்யலாம் என்று காத்திருப்பவருக்கு இந்தக் கதவு திறக்காது. 20 ஆண்டில் விருப்ப ஓய்வு பெறுகிறவருக்கு வாய்ப்பு உண்டு.

கடனும் மானியமும் வந்தால் பட்டறை எழும். ஆர்டர் வந்தால்தான் ஓடும். அதற்கென்று மத்திய அரசு 2012-ல் ஒரு கொள்முதல் கொள்கை வகுத்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். 2015-ல் இது கட்டாயமானது. ஆண்டுகள் பல ஆகியும் இந்த 4 விழுக்காடு எட்டப்படவில்லை என்பதை அரசு தரும் கணக்கே காட்டுகிறது. எங்கோ டெல்லிச் செய்தி என்று இதைக் கடந்துபோகக் கூடாது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை. எண்ணூரில் காமராஜர் துறைமுகம். வல்லூரில் அனல் மின் நிலையம். அந்த 4 விழுக்காடு பொருந்தும் வாங்குபவர்கள் நம் மாவட்டத்துக்குள்ளேயே இத்தனை பேர். ஆவடித் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் வாரியத்திலிருந்து பிரிக்கப்பட்டு நிறுவனங்களாக மாற்றப்பட்டன. நிரந்தர வேலை குறைந்து, வெளியில் கொடுத்து வாங்குவது கூடும் என்ற கவலை தொழிலாளர்களிடம் உண்டு. ஒப்பந்த வேலைக்கு இடஒதுக்கீடு கிடையாது. உள்ளே இடம் சுருங்குகிறது என்றால், வெளியே போகும் ஆர்டரில் நம் பங்கையாவது கேட்க வேண்டாமா?

தனியார் கம்பெனிகளிடம் இந்த 4 விழுக்காடும் இல்லை. தேர்வாய் கண்டிகையில் தலித் மக்கள் ஆடுமாடு மேய்த்த நிலமும் காடும் சிப்காட்டுக்குப் போனது. எதிர்த்துப் போராடிய ஊர் அது. நிலத்தில் தொழிற்பூங்கா எழுந்த பிறகு அந்த ஊர்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள்தான். அவர்களில் ஒருவர் பட்டறை வைத்து கம்பெனிக்குப் பொருள் கொடுத்தால் மகிழ்வோம். ஆனால் அரசு வேலையை விட்டு வருகிறவர் எளிதில் எட்டிப்பிடிப்பது ஆள் சப்ளை. முதல் குறைவு, ஆட்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்த ஆட்களின் பி.எஃப். பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அவர் தொழில்முனைவோர் அல்லர், கங்காணி. நம் சாதிக் கங்காணி என்பதால் கூலிக்காரனின் வயிறு நிறைந்துவிடாது. ஸ்கிராப் பக்கம் போகவே வேண்டாம் என்பது நம் கருத்து. அங்கே விலையை விட அடிதடிதான் அதிகம் பேசுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய ஏஜென்சியையும் மானியத்தையும் நம்மவர் பெயரில் எடுத்து, பின்னால் வேறொருவர் நடத்துவது இந்த மாவட்டத்திலும் உண்டு. பெயர் கொடுத்தவருக்கு மாதம் ஒரு சிறு தொகை. கடன் தவணை தவறினால் நோட்டீஸ் மட்டும் நம் வீட்டுக்கு வரும். அரசு ஊழியர் குடும்பம் என்றால் சம்பளச் சீட்டு இருக்கிறது என்பதற்காகவே தேடி வருவார்கள். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு நம்மிடம் வருகிறவர்களுக்குச் சட்டப்படி செய்யக்கூடியது மிகக் குறைவு.

நம் மாவட்டத்தில் உள்ள மத்திய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவுக்குக் கொள்முதல் செய்தன, அதில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குப் போனது எவ்வளவு, எத்தனை பேர், எந்தப் பொருள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி மனு வேண்டும். பொன்னேரி, திருத்தணி அரசுக் கல்லூரிகளில் படிக்கும் நம் மாணவர்கள் ஆளுக்கு ஒரு நிறுவனமாகப் பிரித்துக்கொண்டால் ஒரே வாரத்தில் எல்லா மனுக்களும் அஞ்சலில் சேர்ந்துவிடும்.