தெளித்தது வயலில், கேள்வி நம் கல்லாவில்

பருப்பில், மிளகாய்ப் பொடியில், காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் என்று பத்திரிகையில் செய்தி வந்துவிட்டால், மறுநாள் காலை அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். மருந்து தெளித்தவர் எங்கோ இருக்கிறார். மருந்து விற்றவர் வேறெங்கோ இருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறார். வற்றலை முகர்ந்து பார்த்துக் காரம் சொல்லலாம், ஈரம் சொல்லலாம். எச்சம் எவ்வளவு என்று சொல்ல ஆய்வுக்கூடத்தால்தான் முடியும். ஆகவே, சோதனையைச் சில்லறைக் கடையில் தொடங்காமல், விளைபொருள் வந்து சேரும் மண்டியிலும் அரவை ஆலையிலும் தொடங்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

கோரிக்கை வைத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாம். சட்டம் சும்மா இருக்காது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 21ஆவது பிரிவு, வரம்புக்கு மேல் எச்சம் உள்ள உணவுப் பொருளைத் தடை செய்கிறது. சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் பொறுப்பு விற்றவர் தலையில் விழும் என்கிறது 27ஆவது பிரிவு. அதே சட்டத்தின் 26ஆவது பிரிவில் நமக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. மொத்த வியாபாரி தரும் பில்லே சரக்கின் தரத்துக்கு உத்தரவாதமாகக் கருதப்படும். துண்டுச் சீட்டில் சரக்கு எடுக்கும் நண்பர்கள் மூட்டைக்கு ஏதோ மிச்சம் என்று மகிழ்கிறார்கள். அந்த மிச்சத்துக்கு இந்தப் பாதுகாப்பை விற்றுவிட்டு வருகிறார்கள் என்பதே நமது கருத்து. மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும், அதில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி நாம் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தயங்காமல் கேளுங்கள். அது அதிகாரியை எதிர்ப்பதாகாது.

இனி நம் பக்கம். விஷம் எப்போதும் வயலிலிருந்தே வருவதில்லை. 1958இல் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தது தெளித்த மருந்தால் அல்ல. உணவுப் பொருளும் ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டன. கசிந்த மருந்து கோதுமை மாவில் கலந்தது. பூச்சிமருந்துகளுக்கென்று 1968இல் தனிச் சட்டம் வந்ததற்கு இந்தச் சாவுகளே தூண்டுகோல். 2013இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்ததும் மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயால்தான். மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்தார்கள்.

இவை ஏற்றும் இடத்திலும் வைக்கும் இடத்திலும் நடந்த தவறுகள், அதாவது நம் தொழிலின் எல்லைக்குள் நடந்தவை. எலி மருந்தையும் எறும்புப் பொடியையும் ரவை மூட்டைக்கு மேல் தட்டில் அடுக்கியிருக்கும் கடைகள் இன்றும் எத்தனை! வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் மட்டுமே கையாள வேண்டிய சரக்கு. அதைச் சில குடோன்களில் கூலியாள் வெறுங்கையால் மூட்டை இடுக்கில் செருகுகிறார். அவரும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுபவர். நம் பாட்டிமார் துவரைக்குச் செம்மண் கட்டினார்கள், பருப்பில் விளக்கெண்ணெய் தடவினார்கள். நூறு மூட்டைக்கு அது ஆகாது என்பது சரிதான், பத்துக் கிலோ டின்னுக்கு ஏன் ஆகாது?

லாரி விஷயம் மட்டும் தனிக் கடைக்காரரால் தீராது. பூச்சிமருந்துப் பெட்டியும் அரிசி மூட்டையும் ஒரே லோடில் வந்தால் இறக்க மாட்டோம் என்று லாரி சர்வீஸ்காரர்களிடம் சங்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.