உறிஞ்சும் கருவியா, உள்ளங்கையா?

புரையேறினால் யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது தமிழர் வீட்டு வழக்கம். இருமல் அடங்கும், விஷயம் முடியும். ஆனால் தொண்டையில் திராட்சை சிக்கி, இருமவோ அழவோ முடியாமல் குழந்தையின் உதடு நீலம் பாரித்தால் தலையில் தட்டிப் பயனில்லை. காற்று போகாவிட்டால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

பெற்றோரின் இந்தப் பயத்துக்குச் சந்தை கண்டுபிடித்த பதில், உறிஞ்சும் கருவி. வாயையும் மூக்கையும் மூடும் ஒரு முகமூடி, அதன் மேல் துருத்தி. அழுத்தினால் காற்று பக்கவாட்டில் வெளியேறும். இழுத்தால் அடைப்பு மேலே வரவேண்டும். எளிய தத்துவம்தான்.

வருமா என்று சோதிப்பதுதான் சிக்கல். மூச்சுத் திணறும் குழந்தைகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்க்க எந்த மருத்துவராலும் முடியாது. எனவே சோதனைகள் பொம்மைகளிலும் சடலங்களிலும் நடந்தன. பொம்மைகளில் நல்ல மதிப்பெண். ஆனால் பிளாஸ்டிக் தொண்டைக்கு எச்சில் கிடையாது, பயந்து திமிறவும் தெரியாது. 2023இல் வெளியான ஒரு சடல ஆய்வில், இரண்டு கருவிகளாலும் திராட்சையையும் முந்திரியையும் எடுக்க முடியவில்லை. பிழைத்த குழந்தைகளின் கதைகள் நிறுவனங்களைத் தேடி வருகின்றன. பிழைக்காத குழந்தையின் வீட்டார் கடிதம் எழுதுவதில்லை.

இக்கருவிகளை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உயிர்மீட்பு சிகிச்சைக்கான சர்வதேசக் குழுவான இல்கார் 2020இல் கூறியது. நிலைபெற்ற முதலுதவி முறைகளையே முதலில் பின்பற்றுங்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. பயம் நியாயமானது: பெட்டியைத் தேடி, பிரித்து, பொருத்துவதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விடும்.

அந்த முறைகளுக்குத் தேவை இரண்டு கைகள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். பலிக்காவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து அழுத்தம். இது 1974இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் அறிமுகப்படுத்திய முறை. கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நடு நெஞ்சில் ஐந்து அழுத்தம். அடைப்பு விலகும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நினைவு தப்பினால் உடனே நெஞ்சழுத்தமும் செயற்கை சுவாசமும். இதற்கிடையே இன்னொருவர் 112ஐ அழைக்கட்டும்.

பலமாக இருமும் குழந்தையை இருமவிடுவதே நல்லது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். இந்தியக் குழந்தைகளின் மூச்சுப்பாதையில் அதிகம் சிக்கும் வேர்க்கடலை, பெரும்பாலும் தொண்டையைத் தாண்டி நுரையீரல் குழாய்க்குப் போய்விடுகிறது. அங்கிருந்து அதை எடுக்க மருத்துவமனையின் பிராங்கோஸ்கோப்தான் வேண்டும்.

கருவி வாங்குவது அவரவர் விருப்பம். ஆனால் அது அலமாரியில் இருக்கும் தைரியத்தில் கை பழகாமல் போனால், அந்தத் தைரியத்துக்கு விலை கொடுப்பது குழந்தை.