கள்வன் பட்டம்

சென்னையின் தென்கோடியிலே, ஒக்கியம் துரைப்பாக்கத்தை ஒட்டி ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெயர் கண்ணகி நகர். பெயரிட்டவர் யாரோ, நல்ல நெஞ்சினர்தான். ஆனால் அந்தப் பெயருக்குள்ளே எவ்வளவு பெரிய வழக்கு அடங்கிக் கிடக்கிறது என்பதை எண்ணியிருப்பாரா?

கண்ணகி யார்? அவள் கணவனைக் கள்வன் என்றனர். விசாரித்தார்களா? இல்லை. சாட்சி கேட்டார்களா? இல்லை. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், வாள் வீழ்ந்தது. கோவலன் மதுரைக்குப் புதியவன், கையிலே சிலம்பு. போதாதா, கள்வனாக்க? அந்தப் பழியைத் துடைக்க ஒற்றைச் சிலம்போடு அரசவை ஏறியவளின் பெயரைத் தாங்கிய ஊரிலே, இன்று ஊரே கள்வன் பட்டம் சுமந்து நிற்கிறது!

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கண்ணாடி மாளிகைகள் வரிசை கட்டி நிற்கும் பழைய மாமல்லபுரம் சாலை. வேலை கேட்டு வந்த இளைஞன், மேலாளர் எதிரே.

"என்ன படிப்பு?"

"பி.காம்., ஐயா."

"எங்கே குடியிருப்பு?"

"கண்ணகி நகர், ஐயா."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிடுகிறது. "சரி தம்பி, சொல்லி அனுப்புகிறோம்." சொல்லி அனுப்பவே மாட்டார்கள்! காட்சி என் கற்பனை, குறை கற்பனையல்ல. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுவரும் குறை. உறவினர் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்து வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பிறந்த ஊரை மறைத்துப் பிழைக்க வேண்டிய நிலை!

யார் இந்த மக்கள்? கூவக் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் சென்னையின் சந்துகளிலும் வாழ்ந்து, இந்த நகரத்துக்கு மூட்டை சுமந்தவர்கள், மீன் விற்றவர்கள், பாத்திரம் துலக்கியவர்கள். 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி, அலை அலையாக இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டிய வீடுகளிலே பல, 200 சதுர அடியைக்கூடத் தொடாதவை. குடிசை மாற்று வாரியம் 1970இல் பிறந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி எழுப்பியது. வேலைக்கு நடந்து போகலாம், பிள்ளை அதே பள்ளிக்குப் போகலாம். பின்னாளில் அந்த வழி குறைந்து, ஊருக்கு வெளியே தூக்கிப் போடும் வழி வளர்ந்தது. யார் ஆட்சியில் என்று கேட்பீர்கள். எல்லார் ஆட்சியிலும்தான்! கசக்கும், ஆனாலும் உண்மை.

வேலை ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில். பேருந்துக்கே பாதிக் கூலி போனால், தாய் வேலையை விட்டாள். மகன் பள்ளியை விட்டான். பள்ளியை விட்ட பையன் தெருமுனையில் நிற்கிறான். அங்கே அவனுக்கு முன்பே கஞ்சாக்காரன் நிற்கிறான். குற்றமே இல்லை என்று பூசி மெழுக நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் அந்த ஊர்த் தாய்மார்களே என்னைத் துரத்துவார்கள். பூட்டு உடைந்தால் உடைவது அவர்கள் வீட்டுப் பூட்டு. விளக்கில்லாத படிக்கட்டில் அஞ்சி அஞ்சி ஏறுவது அவர்கள் மகள். பாதுகாப்பு வேண்டும் என்று முதலில் கேட்பவர்களும் அவர்களே. அவர்களையல்லவா குற்றக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறோம்!

"குற்ற விகிதம் அதிகமாமே?" என்பார்கள், புள்ளிவிவரம் பேசும் பெரியவர்கள். எந்த ஏட்டில் பார்த்தீர், ஐயா? இந்தியாவில் குற்றம் என்ற அரசு ஏடு 1953 முதல் வருகிறது. மாநிலத்துக்குக் கணக்கு உண்டு, மாவட்டத்துக்கு உண்டு, மாநகருக்கு உண்டு. பேட்டைக்குக் கணக்கு இல்லை! விகிதம் என்பதுதான் என்ன? பதிவான வழக்கை மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு இத்தனை என்பது. பதிவானால்தான் கணக்கு. புகார் வாங்க மறுக்கும் நிலையத்தில் குற்றம் குறைவாகத் தெரியும். ஒழுங்காக வாங்கும் நிலையத்தில் கூடுதலாகத் தெரியும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகார் வந்தால் பதிந்தே தீரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013இல் ஆணையிட நேர்ந்ததே, ஏன்? வகுக்கும் எண்ணும் அப்படித்தான். 2011 கணக்கெடுப்பின் தொகையால், அதற்குப் பிறகு குடியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வாழும் இடத்தின் வழக்குகளை வகுத்தால், விகிதம் ஏறாமல் இறங்குமா?

இன்னொன்றும் உண்டு. தெருமுனையில் நின்ற பையன் மீது சந்தேக வழக்குப் போட்டால் அது கண்ணகி நகர்க் கணக்கு. கட்டட மேஸ்திரி அதே பையனின் கூலியை விழுங்கினால் அது யார் கணக்கு? எந்தக் கணக்கிலும் வராது!

இந்த நோய் புதிதல்ல. 1871இல் வெள்ளையன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் குற்றவாளி! ரேகை வை, இரவில் காவல் நிலையத்தில் வந்து படு! எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசியது, மண் சிவந்தது. 1947இல் இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் பரம்பரையைப் பார்த்த கண், இப்போது முகவரியைப் பார்க்கிறது.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஆலையில், உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது, ஊர்ப் பெயர் பார்த்து மனுவைத் தள்ளுகிறார்களா என்று விசாரியுங்கள். தள்ளினால் வாயிற்கூட்டத்தில் கேளுங்கள். வட்டத் தோழர்கள் ஒரு மாலைப் பொழுது அந்த ஊருக்குப் போய், எந்தப் படிக்கட்டில் விளக்கில்லை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, பெண்கள் புகார் சொல்ல நிலையத்தில் பெண் காவலர் இரவிலும் இருக்கிறாரா என்று குறித்து வாருங்கள். மனு எழுத வேறென்ன வேண்டும்?

போகும்போது அங்கே கபடி ஆடும் சிறுமிகளையும் பாருங்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் அந்த மண்ணின் மகள் ஒருத்தி ஆடினாள். நாடே அவளைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் அழைத்தது. முகவரியை அவள் மறைக்கவில்லை.