மூன்று கால் தடம்

விடுமுறைக்கு வந்த அண்ணன் பிள்ளைகள் பையைக் கீழே வைக்குமுன்பே கேட்டார்கள்: "அத்தை, கொல்லையில முயல் இருக்குமாமே, காட்டுவீங்களா?" புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலை எடுத்த கொல்லை. அதன் மேற்கு ஓரம் காரையும் ஆவாரையும் மண்டிக் கிடக்கும். "முயல் இருக்குற இடத்தைக் காட்டுறேன். முயல் வெளியே வர்றது அதோட இஷ்டம்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். முதலில் கண்ணில் பட்டது புழுக்கை. ஆட்டுப் புழுக்கை போல நீளமாக இல்லாமல் உருண்டையாக இருந்தது. குச்சியால் உடைத்தால் உள்ளே வெறும் புல் நார். முயல் ஈரமாகக் கழிக்கும் இன்னொரு வகையைக் கீழே விழவிடாமல் தானே தின்றுவிடும், புல்லில் மிச்சமிருக்கும் சத்தை எடுப்பதற்காக. "மாடு அசை போடுற மாதிரியா?" என்றான் பெரியவன். பத்து வயதில் அப்படிக் கேட்கத் தோன்றியதே என்று எனக்குப் பூரிப்பு.

புழுதியில் தடம் தெரிந்தது. முன்கால்கள் சிறிதாக, ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றைத் தாண்டிப் பின்கால்கள் நீளமாக, பக்கம் பக்கமாக. பாயும்போது பின்கால்கள் முந்திக்கொண்டு விழும். பெரிய தடம் எந்தப் பக்கமோ அதுதான் முயல் போன பக்கம். ஓரிடத்தில் ஒரு முன்கால் கல்லின்மேல் விழுந்து பதியவில்லை. சின்னவள் எண்ணிப் பார்த்து, "இந்த முயலுக்கு மூணு கால்தான்" என்று சாதித்தாள். 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்ற பழமொழியை அவள் கேட்டதே இல்லை.

ஆவாரஞ் செடியின் அடியில் புல் அழுந்தி, உள்ளங்கையைக் குவித்தாற்போல ஒரு பள்ளம். முயல் படுத்திருந்த இடம். "பொந்து எங்கே?" என்றார்கள். நம் காட்டு முயல் பொந்து தோண்டாது. கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயலின் முன்னோர் ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்பவை. அவற்றின் குட்டிகள் ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். நம் முயலின் குட்டியோ ரோமத்தோடு, கண் விழித்தபடியே வெட்டவெளியில் பிறக்கும்.

அந்தப் பள்ளத்தில் யாரையும் கைவைக்க விடவில்லை. என் எட்டு வயதில் இதே கொல்லையில் இரண்டு குட்டிகளைப் பார்த்தேன். தாயைக் காணோம், அநாதைகள் என்று நினைத்துப் பாவாடையில் ஏந்தி வந்தேன். பசும்பாலைப் பஞ்சில் தோய்த்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரண்டும் செத்துப்போயின. தாய் முயல் பகலில் குட்டியோடு இருக்காது, இருட்டியபின் வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு விலகிவிடும், கீரியும் நாயும் மோப்பம் பிடித்து வராமலிருக்க அது செய்யும் காவலே அந்தப் பிரிவு என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலைப் பிடிக்கக் கூடாது என்கிறது. ஆனால் அவர்களை நிறுத்தியது அந்த இரண்டு குட்டிகளின் கதைதான்.

சாயங்காலம் கொல்லைப்புற விளக்கை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து ஆவாரைப் பக்கம் புல் அசைந்தது. இரண்டு காதும், பிடரியில் கறுப்புத் திட்டும் ஒரு கணம் தெரிந்தன. சின்னவள் என் விரலை இறுக்கிப் பிடித்தாள், வாய் திறக்கவில்லை.

அந்த வாரம் புதரை வழித்துக் கம்பிவேலி போடப் பொக்லைன் வருவதாக இருந்தது. இரவுச் சாப்பாட்டில் பெரியவன் என் கணவரிடம் பேச்சை எடுத்தான். "மாமா, மேற்கு ஓரத்தை மட்டும் விட்டுடலாமா?" அவர் கைகழுவிய கையோடு பொக்லைன்காரருக்குப் போன் போட்டார்.