கீபோர்டு மேல துணி காயுதா? பிள்ளைகளுக்கு வீட்டில் பியானோ பயிற்சியைப் பழக்கமாக்கும் வழிகள்!

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே வரும் சின்ன ஸ்டேஷன் அனுப்பம்பட்டு. இங்கும், இங்கிருந்து பழவேற்காடு ஏரிக்கரை வரையுள்ள மீனவக் கிராமங்களிலும் பியானோ என்றால் அது பெரும்பாலும் கீபோர்டுதான். சர்ச்சில் பாடகர் குழு அண்ணன் வாசிப்பதையோ, டிவி நிகழ்ச்சியையோ பார்த்துப் பிள்ளை ஆசைப்படும். சீட்டுப் பணத்தை எடுத்தாவது வாங்கித் தருவார்கள். முதல் வாரம் வீடு முழுக்க ஒரே சத்தம். இரண்டாவது மாதம் கீபோர்டு மேல் துவைத்த துணி!

காசு போனதுகூடப் பெரிதில்லை. ‘எனக்கு மியூசிக் வராது’ என்று பிள்ளை தனக்குத்தானே முடிவு கட்டிவிடுகிறதே, அதுதான் நஷ்டம். கிளாஸ் என்னவோ வாரத்துக்கு ஒரு நாள்தான். மீதி ஆறு நாள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கர்னாடக சங்கீதத்தில் இதற்குச் ‘சாதகம்’ என்றே தனிச் சொல் உண்டு.

மணியைப் பார்க்காதீர்கள்

‘தினமும் மாலை 6 மணி’ என்று அட்டவணை போடுவது சுலபம். ஆனால், அப்பா ஏரிக்குப் போகும் நேரமும், அம்மா மீன் விற்றுத் திரும்பும் நேரமும் நாளுக்கு நாள் மாறும் வீட்டில் அது நிற்காது. அதனால், தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு பயிற்சியைச் சேர்த்துவிடுங்கள். ‘ஸ்கூல் விட்டு வந்து டீ குடித்ததும் வாசிக்கணும்’, ‘விளக்கு வைத்ததும் வாசிக்கணும்’. இப்படிச் சொன்னால் ஆறு வயசுப் பிள்ளைக்கும் புரியும்.

பத்து நிமிடம் போதும்

தொடக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு 10 நிமிடம், பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு 20 நிமிடம் போதும். ஆனால் தினமும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இதுதான் கைக்குள் நிற்கும்.

ஒரு செயல் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி 66 நாட்கள். சிலருக்கு 18 நாட்கள், சிலருக்கு 254 நாட்கள்வரைகூட ஆகலாம் என்று தெரியவந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அந்த ஆய்வு சொன்ன ஆறுதல். அதனால், இருபதாவது நாளே ‘இவன் சரிப்பட மாட்டான்’ என்று முடிவெடுக்காதீர்கள். காய்ச்சல், பரீட்சை, திருவிழா என்று ஒரு நாள் தவறினால் திட்ட வேண்டாம். மறுநாள் தொடர்ந்தால் போதும்.

ஒரு கீபோர்டு, இரண்டு பிள்ளைகளா?

இதற்குப் பதில் பழவேற்காட்டிலேயே இருக்கிறது. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை போடலாம் என்பதைச் சுழற்சியாக வகுத்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற பழைய வழக்கம் இங்குள்ள மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதையே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இன்று அக்கா முதலில், நாளை தம்பி முதலில். யாருடைய பாடு என்று காலண்டரில் எழுதி வைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். தன் முறையை விட்டுக்கொடுக்கப் பிள்ளைக்கு மனசு வராது என்பது கூடுதல் லாபம்!

தப்பு வந்த இடத்தில் நில்லுங்கள்

பெரும்பாலான பிள்ளைகள் செய்வது இதுதான்: முதலில் இருந்து வாசிப்பார்கள், நடுவில் தப்பு வரும், மறுபடி முதலில் இருந்து. தெரிந்த பகுதியே திரும்பத் திரும்ப வரும். தெரியாத இடம் அப்படியே இருக்கும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 17 பியானோ மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரம் பயிற்சி செய்தவர்கள் அல்ல. தப்பு எங்கே வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மெதுவாக, சரியாகும்வரை வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். உங்கள் பிள்ளையும் அந்த இரண்டு வரியை மட்டும் பென்சிலில் வட்டமிட்டு, முதலில் வலது கை, பிறகு இடது கை, கடைசியில் இரண்டும் சேர்த்து, மெதுவாக வாசிக்கட்டும்.

சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் வென்று 10 லட்சம் டாலர் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 13. நிமிடத்துக்கு 208 தாளம் என்ற வேகத்தில் வாசித்துவிட்டு, அதையே 325-க்கு ஏற்றி வாசித்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அதைக் காட்டிப் பிள்ளையை மிரட்டாமல், அந்த வேகமும் படிப்படியாக ஏற்றியதுதான் என்று சொல்லுங்கள். போனில் மெட்ரோனோம் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. 60-ல் தொடங்கி, தப்பில்லாமல் மூன்று முறை வாசித்தால் 64. பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு.

‘எனக்கே ஒண்ணும் தெரியாதே!’

தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னலாம், கீரை ஆயலாம். காது மட்டும் அங்கே இருந்தால் போதும். ‘இன்னிக்கு எந்த இடம் கஷ்டமா இருந்துச்சு? அதை எனக்கு வாசிச்சுக் காட்டு’ என்று கேளுங்கள். வாரம் ஒரு முறை போனில் பதிவு செய்து வைத்து, ஒரு மாதம் கழித்துப் போட்டுக் காட்டுங்கள். தன் முன்னேற்றத்தைத் தானே கேட்பது பெரிய ஊக்கம்.

செய்யக் கூடாதவை இரண்டு. ‘சேட்டை பண்ணினியா, போய் அரை மணி நேரம் வாசி’ என்று பயிற்சியைத் தண்டனையாக்காதீர்கள். வந்த விருந்தாளி முன்னால் திடீரென உட்கார வைத்து, ‘எங்கே வாசி’ என்று சங்கடப்படுத்தாதீர்கள்.

கருவி விஷயத்தில்...

* தொடக்கத்துக்கு 61 கட்டை கீபோர்டு போதும். அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும் மாடலாகப் பாருங்கள். டிரினிட்டி தேர்வுகளில் பியானோவும் எலெக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடங்கள். பியானோ கிரேடுகளில் மேலே போகும்போது, கனமான 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ தேவைப்படும்.
* இரவெல்லாம் மீன்பிடித்துவிட்டு வந்த அப்பா பகலில் தூங்குகிறாரா? ஹெட்போன் மாட்டினால் இருவருக்கும் நிம்மதி. சத்தம் மட்டும் குறைவாக இருக்கட்டும்.
* உப்புக் காற்றும் ஈரமும் மின்னணுப் பொருட்களுக்கு ஆகாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து மூடுங்கள்; ஆனால் பெட்டிக்குள் பூட்ட வேண்டாம்.
* மழைக்காலத்தில் கரன்ட் போகும். பேட்டரியிலும் ஓடும் மாடல் நல்லது. இல்லாவிட்டால், அன்று மேசையில் விரல் பழகலாம், கை தட்டித் தாளம் எண்ணலாம். அதுவும் பயிற்சிதான்.

‘எனக்கு வேண்டாம்’ என்றால்?

உடனே விட்டுவிடவும் வேண்டாம், அழ அழ உட்கார வைக்கவும் வேண்டாம். பாட்டு பிடிக்கவில்லையா, கிளாஸில் யாராவது கேலி செய்தார்களா, விரல் வலிக்கிறதா என்று கேளுங்கள். பாடப் புத்தகத்தோடு பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றையும் சேர்த்துத் தரும்படி ஆசிரியரிடம் சொல்லலாம். ‘இந்தப் பாட்டை முடிப்போம், அப்புறம் பேசலாம்’ என்று ஒரு எல்லை வையுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், அந்தப் பதிலையும் மதியுங்கள்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கீபோர்டு மேல் இருக்கும் துணியை எடுத்து மடித்து வையுங்கள். நாளை டீ குடித்துவிட்டு வரும் பிள்ளையின் கண்ணில் முதலில் அது படட்டும்.